ஆறுக்கு ஐந்து

கூட்டம் ஏழு மணிக்கு என்றார்கள்.
கரண்ட் வந்தது எட்டேகாலுக்கு.
கல்யாணபுரம் சமுதாயக் கூடம்,
பதினோரு கிளப், பதினோரு பிளாஸ்டிக் நாற்காலி.
ஒன்றுக்குக் கால் விரிசல், அது எனக்கு.

எங்கள் கிளப்பின் செயலாளர் நான்.
பொருளாளரும் நான்தான்.
ஞாயிறு காலை ஐந்தரைக்குச்
சுண்ணாம்பு வாளியோடு கோடு போடுபவனும்.

தீர்மானம் ஒரே வரி:
பெரிய கிளப்பின் இரண்டாம் அணியை
நம் லீக்கில் சேர்க்கலாமா?

சேர்த்தால் கோலுக்குப் புது வலையாம்,
ரெஃப்ரி கூலி அவர்கள் பொறுப்பாம்,
கேட்டருகே ஓர் ஆம்புலன்ஸ் நிற்குமாம்.
ஆம்புலன்ஸ் என்றதும் எபினேசர் நிமிர்ந்தார்.
போன வருஷம் அவருடைய கோல்கீப்பரைத்
தாடை பிளந்து ஷேர் ஆட்டோவில்தான்
ஸ்டான்லிக்குக் கொண்டுபோனோம்.
வழியில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டான் டிரைவர்.

நான் எழுந்தேன். நாற்காலி சாய்ந்தது.

"அவங்க தோத்தா எவன் வீட்ல சோறு இறங்காது?
முதல்ல வந்தா மேல ஏற மாட்டாங்க,
மேல ஏற்கெனவே அவங்க அண்ணன் இருக்கான்.
நமக்கு அது மேட்ச்சு.
அவங்களுக்கு அது உடம்பு சூடேத்துறது.
காசிமேட்டு டீமுக்கு எதிரா
ஸ்கூல் பசங்கள இறக்குவாங்க.
மறுவாரம் எனக்கு எதிரா
முட்டி தேறிவர்ற பிரேசில்காரன் வருவான்,
ஓட முடியுதான்னு பாத்துக்கறதுக்கு.
காசிமேடு மூணு பாயிண்டோட தப்பிச்சிரும்,
நான் ஏழு கோல் வாங்கி இறங்கிப் போவேன்.
ஆளுக்கு ஆள் எடைக்கல்ல மாத்துனா
மீன் மார்க்கெட்லயே தராச உடைப்பாங்க."

கை தட்டினார்கள்.
தில்லிபாபு மட்டும் தட்டவில்லை.
"ஆபேல் அங்கதானப்பா இருக்கான்?"

காத்தாடிச் சத்தம் அப்போதுதான் கேட்டது.

ஆபேல்.
தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்
குடங்களின் நடுவே இடது காலால் பந்தோட்டியவன்.
ஒரு குடமும் உருண்டதில்லை.
உருண்டது ஒரே ஒருமுறை, அவன் அம்மாவுடையது.
பதினாலு வயதில் வந்து அழைத்துப்போனார்கள்.
அவனுக்கு ஈடாக எங்களுக்கு
ஆறு பந்தும் ஒரு நன்றிக் கடிதமும்.
நாலு பந்து இன்னும் காற்று நிற்கிறது.

இப்போது பத்தொன்பது.
முதல் அணியில் இடமில்லை,
இரண்டாம் அணிக்கு லீக் இல்லை.
தினமும் காலையில் ஆரஞ்சு நிறக் கூம்புகளைச் சுற்றி ஓடுகிறான்.
கூம்பு காலை வாரிவிடாது,
கெட்ட வார்த்தை பேசாது,
மூத்திரச் சந்தில் மடக்கி
"நேத்து என்னாடா ஆட்டம் அது" என்று கேட்காது.
அதனிடம் ஒருவன்
எவ்வளவுதான் கற்றுக்கொள்வான்?

எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் கை தூக்கினேன்.
எதிர்த்து ஆறு, ஆதரித்து ஐந்து.
ஆறாவது கையின் நகக்கண்ணில்
போன ஞாயிறு சுண்ணாம்பு.

எபினேசர் என்னைப் பார்க்காமல்
செருப்பு மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு ஆபேல் வந்தான்.
பெரிய கிளப்பின் சின்னம் போட்ட டீ-ஷர்ட்,
மழித்த தாடை, ரப்பர் செருப்பு.
"கேள்விப்பட்டேண்ணா" என்றான். அவ்வளவுதான்.
கோபமாக இருந்தால் திட்டியிருப்பான்,
திட்டியிருந்தால் ஒரு டீ வாங்கித் தந்திருப்பேன்.

இரண்டாம் பாதியில் எவனோ தப்பாய் உதைத்த பந்து
புழுதி கிளப்பி அவனிடம் உருண்டது.
இடது கால் செருப்பைவிட்டு வெளியே வந்தது,
பெருவிரல் தரையைத் தொட்டது.
நாற்பது பேர் பார்த்தோம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு,
அவர்கள் மைதானம் தவிர வேறெங்கும்
காலால் பந்தைத் தொடக்கூடாதென்று.

கால் திரும்பச் செருப்புக்குள் போனது.
குனிந்தான், இரண்டு கையாலும் எடுத்தான்,
தலைக்குப் பின்னே கொண்டுபோய் எறிந்தான்,
சட்டப்படி,
இரண்டு பாதமும் தரையில்,
காலையில் நான் போட்ட கோட்டுக்கு
வெளியே நின்று.